‘மூங்கில் நடுங்கள், கார்பன் பணம் வரும்’ என்று யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்

2,55,000 ரூபாய். தாராபுரம் பக்கம் மூன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற எனக்கு அது சில்லறை இல்லை. நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம். வாங்கிக்கொண்டது, ஊர் ஊராகப் போய் மூங்கில் நடவையும் கார்பன் வருமானத்தையும் (செடி இழுத்து வைக்கும் கரியமில வாயுவுக்காக, புகை விடும் கம்பெனிகள் தரும் காசு) விற்கும் ஒரு ‘பசுமை’ நிறுவனம். பெயரை எழுதினால் வழக்குப் போடுவார்களாம். எழுதவில்லை. அவர்கள் பேசும் விதத்தை மட்டும் எழுதுகிறேன், உங்கள் ஊருக்கு வந்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

வந்தவன் பேசியதில் பாதி உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். 2017-இல் வனச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் இனி அந்தச் சட்டப்படி மரம் இல்லை என்றான். உண்மை. தேசிய மூங்கில் இயக்கம் மானியம் தருகிறது என்றான். அதுவும் உண்மை. அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு வேளாண் கழிவையும் சேர்த்து எரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் உங்கள் மூங்கிலுக்கு வரிசையில் நிற்பார்கள் என்றான். அதில் முன்பாதிதான் உண்மை.

பிறகு திண்ணையில் உட்கார்ந்து அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “மூன்றரை ஏக்கரிலும் போட வேண்டாம் அண்ணா, அரை ஏக்கரை மாட்டுத் தீவனத்துக்கு விடுங்கள்” என்றான். விற்க வந்தவனே குறைத்து வாங்கச் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அன்று மாலையே ஏக்கருக்கு 85,000 வீதம் மூன்று ஏக்கருக்கும் கட்டினேன். முள்ளில்லாத பால்கோவா (balcooa) மூங்கில் ரகம், திசு வளர்ப்புக் கன்று (நல்ல தாய்ச்செடியின் திசுவிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தது), சொட்டுநீர், கார்பன் பதிவு எல்லாம் அதில் அடக்கம். இரண்டாம் ஆண்டிலிருந்து கார்பன் பணம் வரும் என்றான்.

சொட்டுநீர்க் குழாய் பாதி வயலோடு நின்றது. கன்று வளர வளரக் கணுவில் வளைந்த முள் எட்டிப் பார்த்தது. வெறும் முள் மூங்கில்! விதையில் முளைக்க வைத்த நாற்றைத் திசு வளர்ப்பு என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

போன் செய்தால் முதலில் “கார்பன் தணிக்கை நடக்கிறது.” பிறகு “நீங்கள் தண்ணீர் சரியாக விடவில்லை.” அதற்குப் பிறகு “அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், புதிய அதிகாரி பேசுவார்.” புதிய அதிகாரி என்று ஒருவர் இருந்தால்தானே பேச! வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். நேரில் போனால் அலுவலகம் இருந்த மாடியில் வாடகைக்கு என்று பலகை தொங்குகிறது. 2,55,000 ரூபாய்!

ஏக்கருக்கு ஆண்டுக்கு 80 டன் கரியமில வாயுவை இழுக்கும் என்று துண்டறிக்கையில் அச்சடித்திருந்தார்கள். மகள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். 80 டன் வாயு என்றால் ஏறக்குறைய 22 டன் கார்பன். காய்ந்த மூங்கிலில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கார்பன். ஆக ஏக்கருக்கு ஆண்டுதோறும் 46 டன் உலர்ந்த மூங்கில் விளைய வேண்டும், பச்சையாக எடை போட்டால் அதைப் போல இரண்டு மடங்கு. ஒரு போர்வெல்லை நம்பியிருக்கும் மேட்டு நிலத்திலா? அதோடு, அதே மூங்கிலை வெட்டிக் கொதிகலனில் எரித்தால் இழுத்த வாயு திரும்பக் காற்றுக்குத்தானே போகிறது? எரிக்கவும் விற்கலாம், சேமித்ததற்கும் காசு வாங்கலாம் என்று ஒரே கழிக்கு இரண்டு விலை சொல்லியிருக்கிறான்.

இதைவிடக் கொடுமை ஒப்பந்தம். முதல் பக்கம் மட்டும் தமிழ், மீதி ஆங்கிலம். ஏழாம் பக்கத்தில், இந்த நிலத்தின் கார்பன் உரிமை 30 ஆண்டுகளுக்கு நிறுவனத்துக்கே என்று இருக்கிறது. நாளைக்கு ஒரு ரூபாய் வந்தாலும் அவர்களுக்குத்தான்.

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ரகத்தின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் கேட்காமல் கன்று வாங்காதீர்கள். மூங்கில் முதல் வெட்டுக்கு வரவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும், இரண்டாம் ஆண்டில் பணம் என்பவனை அப்படியே அனுப்பிவிடுங்கள். கார்பன் வரவு மரம் நட்டவுடன் வராது, வளர்ந்ததை மூன்றாம் ஆள் அளந்து சரிபார்த்த பிறகுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதே போல முள் மூங்கிலும் ஏழாம் பக்கமும் கையில் இருக்கிறவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே மனுக் கொடுப்போம்.