கண்ணாடித் தொட்டியா, வெள்ளைப் பேசினா? மலையில் தங்கமீன் கண்காட்சி

குன்னூரில் எங்கள் மீன் வளர்ப்போர் மன்றம் வருடத்துக்கு ஒருமுறை தங்கமீன் கண்காட்சி நடத்துகிறது. ஏற்பாட்டுக் கூட்டம் என்று உட்கார்ந்தாலே முதலில் கிளம்பும் கேள்வி ஒன்றுதான்: மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வைப்பதா, வெள்ளைப் பேசினில் வைப்பதா? மண்டபம், தேதி, நடுவர், கேடயம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் எந்த மீன் பரிசு வாங்கும், எத்தனை பேர் சுமக்க வேண்டும், ராத்திரி கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் இந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது. நான் பல வருடம் தொட்டிக் கட்சி. இப்போது பேசின் பக்கம் வந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். தொட்டிக்கு உள்ள நியாயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மீனிலிருந்தே தொடங்கலாம். சீனாவில் ஏறக்குறைய ஆயிரம் வருடமாகத் தங்கமீன் வளர்க்கிறார்கள். அந்தக் காலத்தின் பெரும்பகுதி அது குளத்திலும் பீங்கான் தாழியிலும்தான் இருந்தது. குனிந்து மேலிருந்து பார்ப்பதுதான் வழக்கம். பக்கவாட்டில் கண்ணாடி வழியே பார்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய பழக்கம். லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்ததே 1853-ல்தான். அதனால் பழைய வகைகள் பலவும் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்காகவே பொறுக்கிப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை.

ராஞ்சு என்ற தங்கமீன் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுத் துடுப்பு இல்லாத மீன் அது. மேலிருந்து பார்த்தால் அகன்ற தலை, பருத்த முதுகு, வால் பிரிந்து விரியும் இடம், நீந்தும்போது உடம்பு அசைகிற அழகு எல்லாம் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். அதே மீனைத் தொட்டியில் விட்டால் தடித்த ஒரு மீன் என்பதற்கு மேல் புதிதாக வந்தவருக்கு ஒன்றும் புரியாது. ஜப்பானில் ராஞ்சுப் போட்டியை இன்றும் வெள்ளைப் பேசினில் வைத்து மேலிருந்து பார்த்துத்தான் நடத்துகிறார்கள். சுமோ மல்லர்களின் தரவரிசைப் பட்டியல் மாதிரியே பரிசுப் பட்டியலையும் எழுதுகிறார்கள். வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் செலஸ்டியல், கண்ணுக்குக் கீழே நீர்ப்பை ததும்பும் பபிள் ஐ, இவற்றுக்கும் பேசின்தான் சரியான மேடை.

ஆனால் ரியூகின் என்ற வகை வந்து நின்றால் கதை மாறிவிடும். ரியூகினின் பெருமையே தலைக்குப் பின்னால் எழும்பும் திமில்தான். காங்கேயம் காளையை மரத்தில் ஏறி மேலிருந்து பார்த்து யாராவது விலை பேசுவார்களா? பக்கவாட்டில் நின்றால்தான் திமில் தெரியும். பிரிஸ்டல் ஷுபுன்கினும் அப்படித்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வளர்ப்பாளர்கள் உருவாக்கிய அந்த வகைக்கு, வாலின் இரண்டு மடலும் வட்டமாக விரிந்து தொய்யாமல் நிற்க வேண்டும். பேசினில் அந்த வால் ஒரு கோடாகத்தான் தெரியும். இந்த மீன்களை வளர்ப்பவர்கள் தொட்டி கேட்டால் அது நியாயமான கோரிக்கை.

நோய் பார்ப்பதிலும் இரண்டுக்கும் ஆளுக்கொரு பலம் உண்டு. அடிவயிற்றுப் புண்ணும் செவுளின் நிறமும் தொட்டியில்தான் தெரியும். மீன் பேன், துடுப்பில் ஓடும் சிவந்த நரம்பு, கழிவின் நிறம் போன்றவற்றை வெள்ளைப் பேசின் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

இனி மலைக்கே உரிய விஷயம். நான் கட்சி மாறியது இதனால்தான். “குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், மலையில் மீனுக்கு மூச்சுத் திணறல் வராது” என்று நம்மில் பலர் நம்புகிறோம். பாதிதான் உண்மை. கடல் மட்டத்தில் 15 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். கரையும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். அதாவது ஊட்டியில் 15 டிகிரித் தண்ணீரில் இருப்பதும் சென்னையில் 30 டிகிரித் தண்ணீரில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு ஆக்சிஜன். குளிரில் மீனுக்கு மூச்சுத் தேவை குறைவு என்பதால் வீட்டில் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கண்காட்சி நாளில் மீன் பயணம் செய்து, வலையில் ஏறி இறங்கி, ஆள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு போயிருக்கும். அப்போது இந்தக் கணக்கு கழுத்தைப் பிடிக்கும்.

எங்கள் கழுத்தைப் பிடித்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி. அன்று முழுக்கத் தொட்டிகள்தான். காற்றில் மரக்கிளை விழுந்து மின்கம்பி அறுந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், வரிசையாக ஒவ்வொரு தொட்டியிலும் மீன் மேலே வந்து வாயை நீட்டி நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. ஏர் பம்புகள் அத்தனையும் ஓய்ந்து கிடந்தன. நாங்கள் ஆறு பேர் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், கரண்ட் வரும்வரை. மூன்று மீன்களைக் காப்பாற்ற முடியவில்லை. அதில் ஒன்று, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் குஞ்சிலிருந்து வளர்த்த ஒராண்டா வகை மீன். அவன் ஒன்றும் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் அளவு நாடாவை எடுத்தேன். இரண்டடிக்கு ஓரடித் தொட்டியில் 10 அங்குலம் தண்ணீர் விட்டால் சுமார் 47 லிட்டர். காற்றுப் படும் மேற்பரப்பு 2 சதுர அடி. இரண்டடி விட்டமுள்ள பேசினில் 6 அங்குலம் விட்டால், ஓரச் சரிவைக் கழித்தாலும் 40 லிட்டர் தேறும். மேற்பரப்போ 3 சதுர அடிக்குக் கொஞ்சம்தான் குறையும். கிட்டத்தட்ட அதே தண்ணீர், ஒன்றரை மடங்கு மூச்சு. பேட்டரி ஏர் பம்பும் இப்போது கைவசம் வைத்திருக்கிறோம். ஆனாலும் பம்பு நின்றால் நமக்கு அவகாசம் தருவது அகலமான பேசின்தான்.

அகலத்துக்கு ஒரு விலையும் உண்டு. ராத்திரியில் பேசின் சீக்கிரம் குளிர்ந்துவிடும். தங்கமீன் குளிரைத் தாங்கும். சட்டென்று ஏறி இறங்கும் வெப்பத்தைத்தான் தாங்காது. பேர்ல்ஸ்கேல் மாதிரி உருண்டை உடம்பு மீன்கள் சமநிலை இழந்து கவிழ்ந்துவிடும். அதனால் பேசினுக்கு அடியில் சணல் சாக்கை இரண்டாக மடித்துப் போடுகிறோம். மேலே வலை கட்டி, அதன்மேல் பழைய போர்வையை ஒரு ஓரம் திறந்திருக்கும்படி விரிக்கிறோம். வலை எப்படியும் தேவை. காமெட், ஷுபுன்கின் வகை மீன்கள் துள்ளி வெளியே விழும்.

சுமக்கும் வேலையில் பேசின் எளிதாக ஜெயித்துவிடும். வெறும் தொட்டியே 9 கிலோ இருக்கும். பெஞ்சு ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் ஒட்டிய இடம் விட்டு ஒழுக ஆரம்பிக்கும். பேசின்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் நாற்பதும் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

பார்வையாளர் பக்கம் வந்தால் தொட்டிக்கு ஒரு பெரிய நன்மை: யாரும் கையை உள்ளே விட முடியாது. பேசினில் விரல் விடாத குழந்தை இல்லை. பபிள் ஐயின் நீர்ப்பை நகம் பட்டாலே கிழிந்துவிடும் என்பதால் அந்த வரிசைக்கு ஓர் ஆள் நிற்கத்தான் வேண்டும். மேலே டியூப் லைட் இருந்தால் தண்ணீரில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், மீன் தெரியாது. ஜன்னலோரம் போட வேண்டும். ஆனால் இரண்டடி உயரப் பெஞ்சில் பேசின் வைத்தால் நான்கு வயதுக் குழந்தையும் சக்கர நாற்காலியில் வருபவரும் யார் உதவியும் இல்லாமல் பார்க்கலாம். போன முறை ஒரு சிறுமி பேசின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, “அண்ணா, இது கண்ணே மூட மாட்டேங்குது” என்றாள். இமை கிடையாதும்மா என்றேன். “அப்ப எப்படித் தூங்கும்?” என்று கேட்டு அங்கேயே நின்றாள். தொட்டி வரிசையில் அப்படி ஒருவர் நின்று நான் பார்த்ததில்லை.

ஆக, எங்கள் ஏற்பாடு இப்போது இதுதான். எல்லா மீனும் பேசினில். ரியூகின், ஷுபுன்கின் பிரிவுகளுக்கு மட்டும் ஆறு தொட்டிகள். நடுவர் பார்க்கும் நேரத்தில் மீனைத் தண்ணீரோடு சின்னக் கிண்ணத்தில் மொண்டு தொட்டிக்கு மாற்றுகிறோம், முடிந்ததும் அதனதன் பேசினுக்கு. ஒருவர் மீனின் தண்ணீர் இன்னொருவர் மீனோடு கலக்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு மீனுக்கும் தொட்டித் தண்ணீரை மாற்றுகிறோம். வேலை அதிகம்தான். ஆறு தொட்டியோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

மதிப்பெண் போடுவதா, மீனோடு மீனை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதா என்பது அடுத்த வழக்கு. பிரிட்டன் முறையில் உடல், துடுப்பு, நிறம், வகைக்குரிய சிறப்பு, நலமும் நீச்சலும் என்று பிரித்து மதிப்பெண் தருகிறார்கள். ஜப்பானிய ராஞ்சு முறை ஒப்பீடுதான். தேர்ந்த கண் இருந்தால் ஒப்பீடு வேகமானது. எங்களிடம் நடுவர்கள் பெரும்பாலும் உறுப்பினர்களே. ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். தோற்றவர் கையில் “துடுப்பில் குறைந்தது” என்று எழுதிய தாள் இருந்தால், அடுத்த வருடம் எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியும். மதிப்பெண்ணையே வைத்துக்கொண்டோம்.

ஊர் எது? ஊட்டியில் கூட்டம் தானாக வரும். குன்னூர் அதைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு, உறைபனித் தொல்லை குறைவு, மேட்டுப்பாளையத்திலிருந்து மீன் கொண்டுவருபவர்களுக்குப் பயணமும் குறைவு. மீனுக்காகக் குன்னூர். கொடைக்கானல் நண்பர்களுக்கு ஊட்டிக் கணக்குதான் பொருந்தும், உயரம் அவ்வளவு வித்தியாசமில்லை.

மாதம்? மே என்றால் ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மலர்க் காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சி என்று மலையே திருவிழாவாக இருக்கும். ஆனால் மண்டபம் கிடைக்காது, உறுப்பினர்கள் பாதிப் பேர் சீசன் பிழைப்பில் இருப்பார்கள், 2024 முதல் வண்டிக்கு இ-பாஸும் வேண்டும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. பிப்ரவரி முதல் வாரம் வெயில் இதமாக இருக்கும், பொதுத்தேர்வும் தொடங்கியிருக்காது. அதையே பிடித்துக்கொண்டோம்.

கடைசியாக, மீனை மலையேற்றுவது. ஆக்சிஜன் அடைத்த பையா, மூடி போட்ட வாளியா? கடைக்காரர்கள் பைதான் தருவார்கள். சமவெளியில் விம்ம விம்ம அடைத்த பை, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது இன்னும் உப்பும். அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் வாயு ஐந்தில் ஒரு பங்கு விரியப் பார்க்கும், சிப்ஸ் பாக்கெட் மாதிரி. பைதான் வழி என்றால் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். அதோடு நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் நேரம் மீனின் நேரம். நாங்கள் 20 லிட்டர் பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவி, முக்கால்வாசித் தண்ணீர் விட்டு, மூடியில் துளை போட்டு, பேட்டரி பம்பின் குழாயை நுழைத்துக்கொள்கிறோம். ஒரு வாளிக்கு ஒரு பெரிய மீன். 14 கொண்டை ஊசி வளைவிலும் தண்ணீர் அலையடிக்கும், அதனால் வாளியைச் சீட்டில் வைக்காமல் கால்பக்கம் தரையில் வைப்பது நல்லது. இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிட்டால் வாளித் தண்ணீர் கெடாது. வந்து சேர்ந்ததும் பேசின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் ஊற்றி, அரை மணி நேரம் பழக்கிய பிறகே மீனை மாற்றுகிறோம். குழாய்த் தண்ணீரின் குளோரின் போக, முதல்நாள் மாலையே பேசினை நிரப்பிக் காற்று ஓடவிட்டிருப்போம்.

ஞாயிறு மாலை அதே வாளியில் மீன் திரும்பிப் போகும். வீட்டுக்குப் போனதும் பழைய தொட்டியில் சேர்த்துவிடாமல் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு வாளி மூடியிலும் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புகிறோம்.