வரைபடத் தரவுக்குக் காசு வாங்கலாமா? மூன்று வழிகளும் என் கணக்கும்

நில எல்லை, சாலை, கட்டடம், வடிகால் என்று உள்ளாட்சி அமைப்புகள் வைத்திருக்கும் வரைபடத் தரவை என்ன செய்யலாம்? விலைக்கு விற்கலாம், இலவசமாகத் தரலாம், பாதியைத் திறந்து பாதியைப் பூட்டியும் வைக்கலாம். மூன்றும் நடத்திப் பார்த்தவைதான்.

விற்பதற்குச் சொல்லும் காரணம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அளவை எடுக்கப் பணம் ஆகிறது, அதை ஏன் பயன்படுத்தாதவர் தலையில் கட்டவேண்டும் என்பார்கள். கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) இப்படித்தான் சுமார் 6.4 லட்சம் நிலத்துண்டுகளின் டிஜிட்டல் வரைபடத்துக்கு லைசென்ஸ் கட்டணம் வைத்தது. சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பிடம் கேட்ட தொகை 3,75,000 டாலர். பிடிஎஃப் வேண்டுமானால் நகலெடுக்கும் செலவுக்கே தருகிறோம் என்றார்கள். ஆனால் பிடிஎஃபில் எல்லை என்பது வெறும் கோடு. எந்த மனை வெள்ளம் வரும் பகுதியில் இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் எது என்று அதனிடம் கேட்க முடியாது, ஒவ்வொன்றையும் மறுபடி வரைந்து, மனை எண்ணோடு கோத்து, பரப்பைக் கணக்குப் போட்டால்தான் உண்டு. 6.4 லட்சம் துண்டுகளுக்கு இதை யார் செய்வது? வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல் அந்த டிஜிட்டல் ஃபைலும் பொது ஆவணமே, நகலெடுக்கும் செலவுக்குத் தரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

இலவசத்துக்கு டென்மார்க்கைப் பார்க்கலாம். முகவரித் தரவை 2002இல் திறந்துவிட்டார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது 2005 முதல் 2009 வரை கிடைத்த நேரடிப் பலன் சுமார் 6.2 கோடி யூரோ, ஆன செலவு சுமார் 20 லட்சம் யூரோ. ஆம்புலன்ஸ், அஞ்சல், வரி என்று எல்லாரும் ஒரே முகவரிப் பட்டியலை வைத்து வேலை செய்தால் வரும் மிச்சம் அது. உள்ளாட்சி விஷயம் இல்லைதான், ஆனால் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் ஒரு காலத்தில் ஒவ்வொன்றும் 600 டாலருக்கு விற்றன, அப்போது நாளுக்குச் சில பத்துப் படங்கள்தான் போயின, 2008இல் இலவசமான பிறகு ஆயிரக்கணக்கில் போகின்றன.

மூன்றாவது, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் வழி. 2010 ஏப்ரலில் நடுத்தர அளவு வரைபடங்களைத் திறந்தார்கள், மிக நுணுக்கமான மாஸ்டர்மேப் கட்டணத்திலேயே நின்றது. பார்க்கச் சமரசம் மாதிரி இருக்கும். எனக்கு இதில்தான் பெரிய கோபம். கட்டண வரைபடத்தின் மேல் ஒரு உள்ளாட்சி மன்றம் தன் சொந்தத் தகவலை வரைந்தாலும், அது மூல வரைபடத்திலிருந்து பிறந்தது என்பதால் வெளியிட லைசென்ஸ் சிக்கல் வந்தது. தன் ஊர்ப் பூங்கா எல்லையைத் தன் மக்களுக்குக் காட்ட ஒரு மன்றம் அனுமதி பார்க்கவேண்டிய நிலைமை!

பெரிய கம்பெனிகள் சும்மா அள்ளிக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். அள்ளட்டுமே. கட்டணம் வைத்தால் அவர்கள் கட்டிவிடுவார்கள், இல்லையென்றால் தாங்களே படம் எடுத்துக்கொள்வார்கள். நின்றுபோவது மாணவரும் சின்ன அமைப்பும் பக்கத்து உள்ளாட்சியும்தான்.

அதனால் என் கட்சி இலவசம். பெரிய அச்சுப்படி, ஒருவருக்காகவே பிரித்தெடுக்கும் வேலை, புதிதாக அளந்து தருவது, இதற்கெல்லாம் தாராளமாகக் காசு வாங்கலாம், ஏனென்றால் அங்கே ஆள் வேலை இருக்கிறது. வெளியே போகக்கூடாத தனிப்பட்ட விவரத்தை விலை கொடுத்தாலும் தரக்கூடாது. இலவசத்தின் உண்மையான ஓட்டை ஒன்றுதான்: வருமானம் இல்லை என்றதும் புதுப்பிக்கும் பணம் பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படும். அப்புறம் நான்கு வருடப் பழைய சாலையை இலவசமாக டவுன்லோடு செய்து என்ன பயன்? திறக்கும்போதே புதுப்பிப்புக்குத் தனி ஒதுக்கீடு, ஒவ்வொரு ஃபைலிலும் கடைசியாகத் திருத்திய தேதி, இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.