பாரி-ராம்பெர்க்: கன்னத்தில் வைத்த கொழுப்பு எவ்வளவு நிற்கும்?

பாரி-ராம்பெர்க் நோயிலும், நெற்றியில் வாள்வெட்டுப் போல் கோடு விழும் லீனியர் ஸ்கிளிரோடெர்மா என்ற தோல் இறுகும் நோயிலும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கரைந்து முகத்தின் ஒரு பக்கம் ஒட்டிப்போகிறது. அதை நிரப்ப இன்று அதிகம் செய்யப்படுவது ஃபேட் கிராஃப்டிங், அதாவது உங்கள் உடம்பின் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்து முகத்தில் வைப்பது. பலன் உண்டு, ஆனால் ஒரே தடவையில் முடியாது என்று தெரிந்துதான் இறங்க வேண்டும்.

முதலில் நோய் அடங்கியிருக்க வேண்டும். பள்ளம் அகலாமல், தழும்போரம் சிவக்காமல் ஒரு வருடமாவது போகட்டும் என்பார்கள் பல சர்ஜன்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுத்த படங்கள் இதற்குப் பெரிய துணை. நோயை அடக்கத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து வாரம் ஒருமுறைதான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷனுக்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வயிற்றிலோ தொடையிலோ மரப்பு மருந்து செலுத்தி, 10 மில்லி சிரிஞ்சில் கொழுப்பை மெதுவாக இழுப்பார்கள். சென்ட்ரிஃப்யூஜ் என்ற வேகமாகச் சுழற்றும் கருவியில் சுற்றியதும் மேலே எண்ணெய், கீழே ரத்தம் கலந்த நீர், நடுவில் கொழுப்பு என்று பிரியும். நடுவில் உள்ளதை மட்டும் 1 மில்லி சிரிஞ்சில் ஏற்றி, முனை மழுங்கிய மெல்லிய குழாயான கேனுலாவைப் பின்னிழுத்தபடியே, ஒரு தடத்துக்கு 0.1 மில்லிக்கு மேல் போகாமல் பல அடுக்குகளில் வைக்க வேண்டும். புது ரத்தக்குழாய் வளரும்வரை அந்தத் துளி சுற்றுத்திசுவில் ஊறிவரும் ஆக்சிஜனில்தான் பிழைக்கிறது. உருண்டையாக வைத்தால் அதன் நடுப்பகுதி செத்து எண்ணெய்க் கட்டியாகும். புருவ நடுவில் கொழுப்பு தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் பார்வையே பறிபோகலாம். அனுபவமுள்ள கையைத் தேடச் சொல்வது இதனால்தான்.

முதல் மூன்று வாரம் தெரிவதில் பெரும்பகுதி வீக்கம். அது வற்றும்போது கலங்க வேண்டாம். மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் நிற்பதே உண்மையான அளவு. வைத்ததில் பாதி கரைவது சகஜம். கன்னத்தில் நன்றாகப் பிடிக்கும். நெற்றிக்கோட்டில் தோல் எலும்போடு ஒட்டியிருப்பதால் இடமும் இல்லை, ரத்த ஓட்டமும் குறைவு. அங்கே இரண்டு மூன்று தடவை வேண்டியிருக்கும். ஆரம்ப வாரங்களில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்காதீர்கள், ஐஸ் வைத்து அழுத்தாதீர்கள். புகைபிடித்தால் கொழுப்பு பிடிக்காது. வயிற்றுக் கொழுப்பு கன்னத்துக்கு வந்த பிறகும் வயிற்றுக் கொழுப்பாகவே நடந்துகொள்ளும்: உடம்பு எடை கூடினால் அந்தப் பக்கமும் ஊதும்.

பள்ளம் மிக ஆழமானால் முதுகிலிருந்தோ தொடையிலிருந்தோ ரத்தக்குழாயோடு திசுவை எடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் கழுத்து ரத்தக்குழாயில் இணைக்கும் ஃப்ரீ ஃப்ளாப் வேண்டும். அளவு நிலைக்கும். ஆனால் கொஞ்சம் கனமாக இருக்கும், மெல்லக் கீழிறங்கும். ஆறு மாதம் கழித்துத் திருத்த ஆபரேஷனுக்கும் பணத்தையும் லீவையும் ஒதுக்கி வையுங்கள்.