மதர்போர்டு ஸ்க்ரூவுக்குச் சிவப்பு வாஷர் தேவையா?

புதுக் கம்ப்யூட்டர் கேபினட்டோடு வரும் ஸ்க்ரூ பாக்கெட்டில் சில சமயம் மெல்லிய சிவப்பு வாஷர்கள் கிடக்கும். பார்க்க அட்டை மாதிரி இருக்கும், உண்மையில் அழுத்திச் செய்த ஃபைபர். மதர்போர்டு மாட்டும்போது இவற்றைப் போட வேண்டுமா என்று கேட்டால், ஏ.டி.எக்ஸ்., மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., மினி ஐ.டி.எக்ஸ். என எந்த அளவு போர்டானாலும் வேண்டாம் என்பதுதான் பதில். போட்டால் போர்டு எரிந்துவிடாது. ஆனால் லாபம் ஒன்றும் இல்லை, சில்லறைத் தொல்லைகள் உண்டு.

இது பழைய காலத்து வழக்கம். 1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். வரையறையைக் கொண்டுவருவதற்கு முன் புழங்கிய பேபி ஏ.டி. போர்டுகளைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் கால்களில்தான் நிறுத்துவார்கள். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃபும் (போர்டைத் தூக்கி நிறுத்தும் குட்டைத் தூண்) ஸ்க்ரூவும் இருக்கும். துளையைச் சுற்றி உலோக வளையம் இல்லாத போர்டுகளும் உண்டு. ஸ்க்ரூ தலை படும் தூரத்திலேயே செம்புத் தடம் ஓடும், மேல்பூச்சு சுரண்டினால் ஷார்ட். அங்கே வாஷருக்கு வேலை இருந்தது.

இன்றைய போர்டில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெள்ளீயம் பூசிய வெள்ளி நிற வளையம் இருக்கும். பலவற்றில் அந்த வளையத்தின் மேல் சின்னச் சின்னச் சால்டர் புள்ளிகளும் தெரியும். ஸ்க்ரூ தலை அழுத்திப் பிடித்துக்கொள்ளத்தான் அவை. வளையத்துக்கு வெளியே சிறிது தூரம் பாகமோ தடமோ வைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த வளையம் பெரும்பாலும் போர்டின் கிரவுண்டு அடுக்கோடு (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொதுச் செம்பு அடுக்கு) சேர்ந்தது. அதாவது ஸ்க்ரூவும் ஸ்டாண்ட்ஆஃபும் கேபினட்டைத் தொட வேண்டும் என்றே வடிவமைத்திருக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் கன்டினியூட்டி நிலையில் வையுங்கள். போர்டு வெளியே, மின் இணைப்பு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு முனையைத் துளை வளையத்திலும், மற்றதை யூ.எஸ்.பி. போர்ட்டின் உலோக உறையிலும் வையுங்கள். போர்டுக்கு மின்சாரம் வரும் 24 பின் கனெக்டரில் 3, 5, 7, 15, 17, 18, 19, 24 ஆகியவை கிரவுண்டு, அவற்றில் ஒன்றில் வைத்தும் பார்க்கலாம். பீப் வந்தால் விஷயம் முடிந்தது. ஒன்றிரண்டு துளைகளில் பீப் வராத போர்டும் இருக்கலாம். அந்த வளையம் எதோடும் சேராமல் தனியே நிற்கிறது என்று அர்த்தம், அதிலும் வெறும் ஸ்க்ரூ போடுவதால் கெடுதல் இல்லை.

“ஒன்பது துளையிலும் வாஷர் போட்டால் போர்டு கேபினட்டிலிருந்து தனியாகிவிடுமே, பாதுகாப்புதானே?” என்ற வாதத்தை அடிக்கடி கேட்கலாம். தனியாகாது. பின்பக்க ஐ.ஓ. பிளேட்டின் (போர்ட்டுகள் வெளியே தெரியும் துளைகள் உள்ள தகடு) மடிப்புகள் லேன், யூ.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. உறைகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். கிராபிக்ஸ் கார்டின் பிராக்கெட்டைக் கேபினட்டில்தான் முடுக்குகிறோம். எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளைப் பெட்டி) உள்ளேயே அதன் கறுப்பு ஒயர்கள் தகர உறையோடு சேர்ந்திருக்கின்றன, அந்த உறை நான்கு ஸ்க்ரூவில் கேபினட்டோடு சேர்கிறது. ஆக வாஷர் போட்டாலும் போர்டுக்கும் கேபினட்டுக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்யும். பல இடங்களில் குட்டையாகவும் நேராகவும் இருந்த பாதைகளை மூடிவிட்டு, ஓரிரண்டு சுற்றுப்பாதைகளை மட்டும் மிச்சம் வைக்கிறோம், அவ்வளவுதான். அதிக அதிர்வெண் இரைச்சலை அடக்க இந்த நேர்பாதைகள்தான் உதவுகின்றன. முன்பக்க யூ.எஸ்.பி.யில் விரலிலிருந்து நிலைமின்சாரம் பாயும்போதும் அது சுலபமாக வெளியேற வழி வேண்டும்.

வாஷர் போட்ட பெட்டியைச் சில வருடம் கழித்துத் திறந்தால் முதலில் தெரிவது ஸ்க்ரூ தளர்ச்சி. ஃபைபர் நாளடைவில் அமுங்கும், ஈரம் இழுக்கும், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது சுருங்கும். முடுக்கிய நாளில் இருந்த பிடி பிறகு இருக்காது. சில வாஷர்கள் வெடித்து இரண்டாகப் பிரிந்திருக்கும். வெறும் ஸ்க்ரூ போட்ட போர்டில் வளையத்தின் மேல் ஸ்க்ரூ தலையின் தடம் மட்டும் மினுமினுப்பாகத் தெரியும், அது சேதம் அல்ல.

போர்டுக்கு அடியில், ஸ்டாண்ட்ஆஃபின் மேல் வாஷரை வைப்பது இன்னும் மோசம். ஸ்டாண்ட்ஆஃபின் உயரம் சுமார் 6.5 மி.மீ. பின்பக்க போர்ட்டுகளும் கார்டு பிராக்கெட்டும் அந்த உயரத்துக்குத்தான் சரியாக உட்காரும். அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலே ஐ.ஓ. பிளேட்டில் போர்ட்டுகள் உரசும், கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டில் முழுதாக இறங்காமல் ஒரு முனை தூக்கி நிற்கும். கார்டு அவ்வப்போது காணாமல் போகிறது என்று டிரைவரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இதையும் ஒரு தரம் பார்க்கலாம்.

ஷார்ட் பயத்தில்தான் வாஷர் போடுகிறார்கள். நிஜமான ஷார்ட் ஸ்க்ரூ துளையில் வருவதில்லை, துளை இல்லாத இடத்தில் நிற்கும் ஸ்டாண்ட்ஆஃபால் வருகிறது. முந்தைய போர்டுக்காகப் போட்ட ஸ்டாண்ட்ஆஃப் ஒன்று அப்படியே இருக்கும். புதுப் போர்டில் அதற்கு நேராகத் துளை இருக்காது, பின்பக்கச் சால்டர் முனைகளில் போய் முட்டும். ஃபேன் ஒரு கணம் சுற்றி நிற்கும், அல்லது பவர் பட்டனுக்கு அசைவே இருக்காது. அதிர்ஷ்டம் இல்லையென்றால் 12 வோல்ட் முனையில் பட்டுப் போர்டே போய்விடும். எத்தனை வாஷர் போட்டாலும் இதைத் தடுக்க முடியாது.

அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியது ஸ்டாண்ட்ஆஃபைத்தான். முழு அளவு ஏ.டி.எக்ஸ். போர்டு 305 × 244 மி.மீ., பொதுவாக 9 துளை. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244 × 244, துளை 6 முதல் 8 வரை. மினி ஐ.டி.எக்ஸ். 170 × 170, துளை 4. போர்டைக் கேபினட்டின் டிரேயின் (போர்டு உட்காரும் தகடு) மேல் காட்டிப் பார்த்து, எந்தத் துளைகள் நேராக வருகின்றன என்று குறித்துக்கொண்டு, மற்ற எல்லா ஸ்டாண்ட்ஆஃபையும் கழற்றிவிடுங்கள். 5 மி.மீ. நட் டிரைவர் இருந்தால் வேலை சுலபம். ஸ்டாண்ட்ஆஃபுக்குப் பதில் டிரேயையே குமிழாக எழுப்பிய கேபினட்டும் உண்டு, அதைக் கழற்ற முடியாது. அப்படிப்பட்ட குமிழ் துளை இல்லாத இடத்தில் வருகிறது என்றால் அந்தப் போர்டுக்கு அந்தக் கேபினட் வேண்டாம்.

விலை குறைந்த சில ஏ.டி.எக்ஸ். போர்டுகளுக்கு அகலம் குறைவு. வலது ஓரம் ஸ்டாண்ட்ஆஃப் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். 24 பின் கனெக்டர் அந்த ஓரத்தில்தான் இருக்கும். அழுத்தும்போது போர்டு வளையும், எனவே அடியில் விரலால் தாங்கிக்கொள்ளுங்கள், அல்லது அந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் கால் ஒன்று கொடுங்கள்.

எல்லா ஸ்க்ரூவையும் முதலில் பாதி வரை தளர்வாகப் போட்டு, ஐ.ஓ. பிளேட்டில் போர்ட்டுகள் சரியாக அமர்ந்தபின் நடுவிலிருந்து வெளியே முடுக்குங்கள். தலை வளையத்தில் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும். முழங்கை பலம் வேண்டாம். அளவுக்கு மீறி முடுக்கினால், பிறகு கழற்றும்போது ஸ்க்ரூவோடு சேர்ந்து ஸ்டாண்ட்ஆஃபும் சுற்றி வரும்.

வாஷரை விடப் பெரிய தொல்லை ஸ்க்ரூக் கலப்படம். பாக்கெட்டில் 6-32, எம்3 என்று இரண்டு வகை இருக்கும். 6-32 தடிமன், மரை இடைவெளி சுமார் 0.8 மி.மீ. எம்3 மெலிசு, இடைவெளி 0.5 மி.மீ. எம்3 ஸ்க்ரூவை 6-32 ஸ்டாண்ட்ஆஃபில் போட்டால் பிடிக்காமல் வழுக்கும். மாற்றிப் போட்டால் ஒரு சுற்றில் இறுகும், மேலும் திருப்பினால் பித்தளை மரை போய்விடும். வெறும் ஸ்டாண்ட்ஆஃபில் கையாலேயே போட்டுப் பார்த்து வகையைத் தெரிந்துகொண்டு போர்டை வையுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் விறுவிறுவென்று ஷாக் அடிக்கிறது, அதற்கு வாஷர் போடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது போர்டிலிருந்து வருவதல்ல. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உறைக்குப் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் உறை நம்முடைய 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் சொற்பம்தான், ஆனால் விரலில் தெரியும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வர்ட்டரில் செருகிய வீடுகளிலும், எர்த் துளை மட்டும் இருந்து ஒயர் இல்லாத ஸ்பைக் போர்டுகளிலும் இது சகஜம். சுவர் சாக்கெட்டில் லைனுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாஷர் கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: சி.பி.யு. கூலரின் துளைகள். இன்டெல் சி.பி.யு. சாக்கெட்டுகளில் எல்.ஜி.ஏ. 1156 முதல் 1200 வரை 75 மி.மீ., எல்.ஜி.ஏ. 1700-இல் 78 மி.மீ. இடைவெளியில் வரும் அந்த நான்கு துளைகளுக்குக் கிரவுண்டு வளையம் கிடையாது, பக்கத்திலேயே தடங்கள் ஓடும். அதனால்தான் கூலரோடு பிளாஸ்டிக் வாஷரோ, இன்சுலேஷன் ஒட்டிய பேக்பிளேட்டோ (போர்டின் பின்பக்கம் வரும் தாங்குதகடு) தருகிறார்கள். அதை விட்டுவிட்டு மாட்டாதீர்கள், கூடுதலாக ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம். அதன் தடிமனைக் கணக்கில் வைத்துத்தான் கூலரின் அழுத்தத்தை அமைத்திருப்பார்கள். தடிமன் மாறினால் அழுத்தமும் மாறும், அழுத்தம் குறைந்தால் சி.பி.யு. சூடாகும்.

ராஸ்பெர்ரி பை போன்ற சிறு போர்டுகளின் துளைக்கு எம்2.5 ஸ்க்ரூதான் சரி. எம்3-ஐத் திணித்துத் துளையைப் பெரிதாக்கக் கூடாது. அகலமான தலை பக்கத்துப் பாகத்தில் படும் நிலை வந்தால் அங்கே நைலான் வாஷர் போடலாம், அல்லது நைலான் ஸ்க்ரூவே போதும்.