பாலா, மாத்திரையா, கேழ்வரகா: வளரும் பிள்ளைக்கு எது?

போன வருடம் பன்னிரண்டு வயது மகள் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பெரிதாக விழவும் இல்லை. கிடுகிடுவென உயரம் கூடும் வயதில் எலும்பு முதலில் நீண்டுவிடும், அதில் சுண்ணாம்புச் சத்து ஏறுவது சில மாதங்கள் பிந்தும் என்று மருத்துவர் விளக்கினார். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று இரவே கணக்குப் போட உட்கார்ந்தோம். 10 முதல் 12 வயதுக்கு நாளுக்கு 850 மில்லிகிராம் கால்சியம், 13 முதல் 15 வரை 1000 என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.).

பாலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரை லிட்டரில் ஏறக்குறைய 600 கிடைக்கும், உடம்பிலும் நன்றாகச் சேரும். குடிக்கிற பிள்ளை என்றால் வேறு யோசனையே வேண்டாம். எங்கள் வீட்டில் டம்ளர் ஆடை படிந்து ஜன்னலோரம் அப்படியே இருக்கும்.

மாத்திரை இரண்டு மாதம்தான் ஓடியது, அதனால் அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பள்ளியில் தரும் இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கொடுக்காதீர்கள். கால்சியம் இரும்பைச் சேரவிடாது.

கடைசியில் நின்றது கேழ்வரகு. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் எனக்கு எண்ணைவிடப் பெரிதாகப்பட்டது, பதினெட்டு வயது வரை இது நிற்குமா என்பதுதான். ஒரு மாதம் கொடுத்து விட்டுவிடுகிற சத்தால் எலும்புக்கு என்ன பயன்? கேழ்வரகு காலையில் முருங்கைக்கீரை அடை, மாலையில் எள்ளுருண்டைக்குத் துணையாகப் புட்டு, விடுமுறையில் தயிர் கரைத்த கூழ் என்று மாறிக்கொண்டே வருவதால் அவளுக்குச் சலிக்கவில்லை. பால் வேண்டாம் என்கிறவள் தயிரை மறுப்பதில்லை. குறைகிற கணக்கில் பாதியை அதுவே அடைக்கிறது.

வேலை உண்டு, மறைக்கவில்லை. கேழ்வரகில் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முளைகட்டினால் அது குறையும். கல் அரித்து, இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் மறுநாள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். அப்புறம் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து, மில்லில் அரைக்க வேண்டும். மாதம் இரண்டு கிலோ, ஒரு ஞாயிறு போய்விடும்.

பையனுக்கு எட்டு வயதுதான் ஆகிறது. ஆண் பிள்ளைகள் உயரும் வேகம் பெரும்பாலும் பதின்மூன்றுக்கு மேல்தான் என்பதால் அவன் விஷயத்தில் இது எப்படிப் போகும் என்று இப்போது சொல்ல முடியாது. மகள் கட்டுப் பிரித்து மூன்று மாதம் கழித்து மறுபடி கோகோ ஆடப் போகிறாள். மதிய வெயிலில் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். வைட்டமின் டி இல்லாமல் இத்தனை அடையும் கூழும் எலும்புக்குப் போய்ச் சேராது.