டிவியில் பாதி, தெப்பக்குளத்தில் மீதி: போக்கிமான் கோ

டிவி தொடரை வைத்துக் குழந்தைகளுக்கு கேம் செய்பவர்கள் பலர் நாயகன் படத்தை மட்டும் ஒட்டிவிட்டு, அதே ஓட்டம், அதே தாவல், நடுநடுவே விளம்பரம் என்று முடித்துவிடுகிறார்கள். அக்கா மகன் போனில் அப்படி ஒன்று இருந்தது, பெயர் வேண்டாம். 'போக்கிமான் கோ' அந்த ரகம் இல்லை.

இத்தனைக்கும் இந்தக் குடும்பத்தில் கேம்தான் மூத்தது. 1996இல் ஜப்பானில் முதல் கேம், 1997இல் டிவி தொடர், 2016இல் இந்த செல்போன் விளையாட்டு. வெளியே நிஜமாகவே நடந்து, போன் திரையில் தெரியும் போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடிக்க வேண்டும். தொடரின் நாயகன் ஆஷ், தன் முதல் போக்கிமானை வாங்கத் தாமதமாகப் போவான். தொடக்கக்காரர்களுக்கான மூன்று போக்கிமான்களும் காலி, பிகாச்சு என்ற இன்னொன்றுதான் கிடைக்கும். இங்கேயும் தொடக்கத்தில் அந்த மூன்றும் நிற்கும். அவற்றைப் பிடிக்காமல் விலகி நடந்தால் திரும்பத் திரும்ப வரும். விடாமல் நடந்தால் கடைசியில் பிகாச்சுவும் கூட வந்து நிற்கும்! தொடரைப் பார்த்த பிள்ளைக்குத்தான் இந்த ருசி தெரியும். "மாமா, வந்துருச்சு!" என்று அக்கா மகன் போட்ட சத்தத்தில் மதுரை தெப்பக்குளத்தில் வாக்கிங் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

விளையாட்டில் போக்கிமான் முட்டைகளும் கிடைக்கும். முட்டைக்கு ஏற்ப 2, 5, 7, 10, 12 கிலோமீட்டர் நடந்தால்தான் குஞ்சு பொரியும். பைக்கில் வேகமாகப் போனால் கணக்கில் ஏறாது. தெப்பக்குளத்தைச் சுற்றுவது வசதி. மாசி வீதிகளில் வேண்டாம், போனைப் பார்த்தபடி நடந்தால் ஆட்டோ முட்டும். காசு கொடுத்து வாங்கும் பொருட்களும் உண்டு, அந்தப் பக்கம் பிள்ளையை விடாதீர்கள். தமிழ் இல்லாதது பெரிய குறைதான். நான் வாசித்துச் சொல்கிறேன். அப்புறம், பேட்டரி மளமளவென்று இறங்கும், பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.