தனியாக நான்கு நாள், ஹலால் சாப்பாடு: சிங்கப்பூரா, பினாங்கா?

அவசரமில்லாமல் ஒரே ஊரில் நான்கு நாள் தனியாக இருந்துவிட்டு வர வேண்டும், சாப்பாடு ஹலாலாக இருக்க வேண்டும். சென்னை, திருச்சிப் பக்கமிருந்து கிளம்புகிறவர்கள் இப்படிக் கேட்டால் நான் இரண்டு ஊர்களைத்தான் சொல்வேன்: சிங்கப்பூர், மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுன். கோலாலம்பூரைச் சேர்க்கவில்லை. சாப்பாட்டுக்கு அங்கேயும் பஞ்சமில்லை, ஆனால் நடந்தே சுற்றுகிற ஊரில்லை அது. மேம்பாலத்துக்கும் மாலுக்கும் நடுவிலேயே பொழுது போய்விடும்.

ஹலால் கிடைக்குமா என்ற கவலை இந்த இரண்டு ஊரிலும் வேண்டாம். தனியாகப் போகிறவருக்குத் தொல்லை வேறு: வேளாவேளைக்கு ஒரு கடை வாசலில் நின்று, இங்கே சாப்பிடலாமா என்று யோசித்து, விசாரித்து, முடிவெடுப்பது. கூட ஆள் இருந்தால் ஒருவர் விசாரிப்பார், இன்னொருவர் இடம் பிடிப்பார். தனி ஆளுக்கு இது சீக்கிரம் அலுத்துவிடும். அப்புறம் பிஸ்கட் பாக்கெட்டோடு அறைக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் எந்த ஊரில் இந்த யோசனை குறைவு என்பதை வைத்தே பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் சிங்கப்பூர் சுலபமாக ஜெயிக்கிறது. அங்கே இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1978 முதல் ஹலால் சான்றிதழ் தருகிறது. கடை முகப்பில் மாட்டியிருப்பார்கள். பார்த்தோமா, உட்கார்ந்தோமா என்று வேலை முடிந்தது. மெக்டொனால்ட்ஸ், கேஎஃப்சி எல்லாமே சான்றிதழ் பெற்றவை என்பதால், நள்ளிரவில் பசித்தாலும் திண்டாட வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று பலகை வைத்திருக்கும் கடைகள் உண்டு. அது ஹலால் என்று ஆகிவிடாது. கோழி எங்கே அறுத்தது, சமையலில் மது சேர்த்தார்களா என்பதற்கெல்லாம் அந்தப் பலகையில் பதில் இருக்காது.

தேக்கா சந்தையின் உணவங்காடியில் பிரியாணிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மதிய நேரத்தில் தனியாகப் போனால், சாப்பாடு வாங்கப் போகும்போது மேசையை யார் பார்த்துக்கொள்வது? அந்த ஊர்க்காரர்கள் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் துண்டு போட்டு இடம் பிடிப்பது. யாரும் தொட மாட்டார்கள், நீங்களும் செய்யலாம். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்கள்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள்.

சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908-லிருந்து இருக்கும் ஸம் ஸம் உணவகத்துக்கு எல்லோரும் போகச் சொல்வார்கள், சரிதான். முர்தபாவை வாசலிலேயே வீசி, முட்டையும் கறியும் வைத்து மடிக்கிறார்கள். மான் கறி போட்டதுகூட உண்டு. ஆனால் பெரிய அளவு ஒருவருக்கான சாப்பாடே இல்லை. சின்னதாகக் கேளுங்கள், அதற்கே வயிறு நிறையும்.

ஜார்ஜ் டவுனுக்கு வந்தால் கதை மாறுகிறது. பினாங்கின் புகழ்பெற்ற தெருச் சாப்பாடு என்று பட்டியல் போடுகிறார்களே, சார் கொய் தியாவ், ஹொக்கியன் மீ என்று நூடுல்ஸ் வகைகளாக, அதில் பெரும்பகுதி சீனர் கடைகளுடையது. பன்றிக் கொழுப்பு சேரும். அந்தப் பட்டியலை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். மலேசியாவில் அரசின் இஸ்லாமியத் துறையான ஜாக்கிம் தரும் ஹலால் சான்றிதழ் உண்டு என்றாலும், சின்னச் சின்ன தமிழ் முஸ்லிம் கடைகள் பலவற்றில் அதைப் பார்க்க முடியாது. கடைக்காரர் முஸ்லிம் என்ற நம்பிக்கையில்தான் சாப்பிட வேண்டும். எனக்கு அது போதும். காகிதத்தில் பார்த்தால்தான் தொண்டையில் இறங்கும் என்பவர் சிங்கப்பூருக்கே போகட்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நான் ஓட்டுப் போடுவது ஜார்ஜ் டவுனுக்குத்தான். காரணம் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் அந்த ஊருக்குக் கொடுத்த சாப்பாடு இது, தனி ஆளுக்கென்றே செய்தது போலிருக்கும். வரிசையில் நகர்ந்து போனால் ஒரு தட்டில் சோறு விழும். கோழிப் பொரியலா, மீனா, வெண்டைக்காயா என்று கை காட்ட வேண்டும். அப்புறம் பரிமாறுகிறவர் ஒரு சட்டியிலிருந்து மீன் குழம்பு, இன்னொன்றிலிருந்து மாட்டுக்கறிக் குழம்பு, மூன்றாவதிலிருந்து பெயர் தெரியாத ஏதோ ஒன்று என்று மேலேயே ஊற்றிக் கலந்துவிடுவார். நாலு பேர் சேர்ந்து போய் நாலு கறி வாங்கிப் பகிர்ந்து சாப்பிடும் ருசி ஒற்றைத் தட்டில் வந்துவிடுகிறது. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907-இல் தொடங்கியது. பினாங்கு சாலையை ஒட்டிய சந்தில் லைன் கிளியர் இருக்கிறது. தட்டைப் பார்த்தே விலை சொல்வார்கள். பெரிய இறால், மீன் சினை பக்கம் கை நீட்டுமுன் "எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். தமிழிலேயே பதில் வரும்.

காலையில் டிரான்ஸ்ஃபர் சாலை ஓரத்தில் ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி), மாலையில் படாங் கோத்தா கடற்கரைப் பக்கம் மீ சோத்தோங் என்ற கணவாய் நூடுல்ஸ், காய்கறியும் வடையும் நறுக்கிப் போட்டுக் குழம்பு ஊற்றித் தரும் பசெம்பூர். ஓரிரு நாளில் உங்களுக்கென்று ஒரு டீக்கடை அமைந்துவிடும், யோசிக்கிற வேலையும் அத்தோடு தீரும்.

சுற்றிப் பார்ப்பதிலும் இந்த ஊர் அவசரப்படுத்தாது. பழைய நகரம் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் தெருவிலேயே சீனர்களின் கருணைத் தேவி கோயிலும் இருக்கிறது. மாரியம்மன் கோயிலும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் பக்கத்திலேயே. கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை வெயிலுக்குத் தோதானது, மோட்டார் சைக்கிள்கள் மறித்து நிறுத்தாதவரை. மையப்பகுதியைச் சுற்றி வரும் கேட் (CAT) என்ற பேருந்து இலவசம். புழுக்கம் தாங்கவில்லை என்றால் 1923-லிருந்து ஓடும் மலை ரயிலில் பினாங்கு மலைக்கு ஏறிவிடலாம். சிங்கப்பூரில் ரயிலும் பேருந்தும் இதைவிட நூறு மடங்கு ஒழுங்கு, ஆனால் அந்த ஒழுங்கே இன்னொரு இடம், இன்னொரு இடம் என்று நம்மை விரட்டும்.

செலவைப் பெரிதாக அலச வேண்டியதில்லை. அறை வாடகையில் சிங்கப்பூர் கையைக் கடிக்கும், பினாங்கு கடிக்காது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 2026 முடிய விசா வேண்டாம், டிஜிட்டல் வருகை அட்டையை மட்டும் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு முகவர் வழியாக விசா எடுக்க வேண்டும்.

தனியாகப் போகிற பெண்களுக்கு இரண்டு ஊரிலும் ஒரு பெரிய வசதி: பள்ளிவாசல்களில் பெண்கள் தொழத் தனி இடம் இருக்கிறது. நம்மூரில் பல இடங்களில் கிடைக்காதது. ஆனால் முதல் தடவையாகத் தனியாகக் கிளம்புகிற பெண்ணுக்கு, இரவு பதினொரு மணிக்கு ரயிலிறங்கி நடந்து அறைக்குப் போகிற தைரியம் வேண்டுமென்றால் சிங்கப்பூரையே சொல்வேன். ஜார்ஜ் டவுனில் சில சந்துகள் எட்டு மணிக்கே வெறிச்சோடிவிடும், அங்கே கிராப் செயலியில் கார் பிடித்துக்கொள்வது நல்லது.

பினாங்கைத் தேர்ந்தெடுத்தால் வெள்ளி மதியம் போய் இறங்காதீர்கள். ஜும்ஆ தொழுகை நேரத்தில் நாம் சாப்பிடுகிற கடைகளில் பல சாத்தியிருக்கும். ரமலானில் பகல் சாப்பாடு இன்னும் சிரமம், ஆனால் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கூடும் நோன்புச் சந்தைக்காகவே அந்த மாதத்தில் போகிறவர்களும் இருக்கிறார்கள்.